ஜிப்சம் மூட்டைக்கு முன்னால் வடிகால் வேண்டும்

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நொய்யல் கரையில் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். 1992இல் அணை கட்டி முடித்தபோது, இனித் தண்ணீர்க் கவலை இல்லை என்று அப்பா இன்னொரு ஜோடிக் காளை வாங்கினார். அணையில் தேங்கியதோ திருப்பூர்ச் சாயத்தண்ணீர். அது எங்கள் கிணற்றுக்கும் இறங்கியது. தென்னையில் குரும்பை கொட்டியது. மழை பெய்தால் மண் சோப்புக் குழம்பாக வழுக்கும். வெயிலில் கொழு இறங்காத பாளமாக இறுகும்.

துணியில் சாயம் ஏற உப்பு போடுகிறார்கள், ஏறிய சாயம் நிற்கச் சோடா உப்பு. இரண்டிலும் சோடியம். அது களிமண்ணில் ஒட்டிக்கொண்டு துகள்களைச் சேரவிடாமல் பிரிக்கிறது. மண்ணின் கண்கள் அடைந்து தண்ணீர் உள்ளே இறங்குவதில்லை. இதைத்தான் நாங்கள் களர் என்கிறோம். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தை விரட்டிவிட்டு அந்த இடத்தில் அமரும். விரட்டப்பட்ட சோடியம் தண்ணீரில் கரைந்து வயலை விட்டு வெளியேற வேண்டும். வெளியேற வழி எங்கே?

முதல் முறை மானியத்தில் வந்த பத்து மூட்டையைத் தூவிவிட்டு அதே கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சினேன். ஒரு பக்கம் சோடியத்தை விரட்டி, மறுபக்கம் நானே இறைத்து ஊற்றியிருக்கிறேன்! சுண்ணாம்பு போடச் சொன்னவர்களும் உண்டு. புளிப்பு மண்ணுக்கு அது மருந்து. கார அமில நிலை 9ஐத் தொட்ட எங்கள் மண்ணில் அது கரையாது.

அப்புறம்தான் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இரண்டு ஏக்கர்தான் களர். மீதி வெறும் உவர். உப்பைக் கழுவினால் போதும், ஜிப்சம் வேண்டாம். களர் வயலில் வரப்பை உயர்த்தி, ஏக்கருக்கு இரண்டு டன் தூவி மேலாக உழுதேன். ஐப்பசி மழையைத் தேக்கி, சில நாள் நிறுத்தி வடித்தேன். அப்படி மூன்று முறை. பிறகு தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதேன். இரண்டாம் வருடம் சோளம் முழங்கால் உயரம் தாண்டியது. அன்று வரப்பில் நின்று அழுதேன்.

வடித்த உப்புத்தண்ணீர் கீழ்க்காட்டுக்காரர் வயலுக்குப் போகாமல் பள்ளம் வரை வாய்க்கால் வெட்ட ஆன கூலி, ஜிப்சம் விலையைவிட அதிகம். கடன் வாங்கித்தான் கொடுத்தேன். எல்லாராலும் இது ஆகாது, ஆகவும் வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே நிலத்தைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்று வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் செலவில் முதலில் வயலுக்கு வயல் மண் பரிசோதனையும் ஊருக்குப் பொது வடிகாலும் வரட்டும். மழைநீரைத் தேக்கப் பண்ணைக்குட்டையும் வேண்டும். மூட்டைகளை அதற்குப் பிறகு இறக்கலாம்.

மேற்கு வயல் உவர் இன்னும் கழுவப்படாமல் கிடக்கிறது. அங்கிருந்து பள்ளத்துக்கு வாய்க்கால் வெட்ட வேண்டுமானால் மூன்று பேர் காட்டைத் தாண்ட வேண்டும்.