மிட்டாயைக் கூலியாக்காதீர்!



கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய பக்கத்தில் மிட்டாயைப் பற்றி எழுத வந்துவிட்டானே இந்தக் கிராணி என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்! 2019ஆம் ஆண்டு சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், இந்நாட்டு வயதுவந்த இந்தியரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரிந்தது. மலாய்க்காரரிடமும் சீனரிடமும் இந்த அளவு இல்லை. பால் வெட்டும் கையும் மரத்துக்கு மரம் நடக்கும் காலும்தானே நமது மூலதனம்? அந்தக் காலையே பறிக்கும் நோயைப் பற்றித் தொழிற்சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவது? மிட்டாய் மட்டுமே நோய்க்குக் காரணமன்று. ஆயினும் நாக்கு சீனிக்குப் பழகுவது பிள்ளைப் பருவத்தில்தான்.

இனிப்பை விரும்புவது குழந்தையின் இயற்கை. அழுகையை நிறுத்தினால் மிட்டாய், சோறு உண்டால் மிட்டாய் என்று கூலி பேசியவர்கள் பெரியவர்களே!

விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு நேரமேது என்பார்கள். உண்மை. அந்த இக்கட்டை வைத்தே சிலர் வயிறு வளர்க்கிறார்கள்! தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின்பாலைப் புகட்டச் செய்யும் பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் முழங்கினார் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். இன்று அந்த இடத்தில் வண்ண வண்ணப் பானங்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராம் சீனி என்றால், 320 மில்லிலிட்டர் டின்னில் 32 கிராம், எட்டுத் தேக்கரண்டி! அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025 ஜனவரியில் அதை 90 காசாக்கியது. ஆனால் வரி உங்கள் வீட்டு வாசலில் காவல் நிற்காது.

வழி என்ன? சங்கத்தார் அறிந்த வழிதான்: ஒப்பந்தம்!

கடை வாசலில் பிள்ளை தரையில் புரள்வதும் ஒரு வேலைநிறுத்தமே. பத்து நிமிட அழுகைக்குப் பணிந்தால் அடுத்த முறை இருபது நிமிடம் அழுவான். போராடினால் கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாத பாடமா? ஆகவே அழுமுன் பேசுங்கள். வாரத்தில் இன்ன நாள், சாப்பாட்டுக்குப் பின், இவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். அந்த நாளில் கேளாமலே கொடுங்கள். முதலாளியைப் போல் வாக்குத் தவறாதீர்கள்! அடியோடு மறுத்தால் ஆசை திருட்டாக மாறும். போத்தலை வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டுத் தொடாதே என்பதும் நியாயமன்று. தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு வாழைப்பழம், அவித்த மரவள்ளி. தாத்தா பாட்டியும் இந்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடட்டும்!

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தோழர்களே! வீட்டில் மட்டும் கட்டுப்பாடு போதாது. தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் நம் பிள்ளைகளுக்கு என்ன விற்கப்படுகிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் வரும்வரை உட்காராதீர்கள்!