பனி தேசத்துக்குப் போன இன்சுலின் பெட்டி

நம் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஊட்டி, மைசூர் என்று எக்ஸ்கர்ஷன் அழைத்துப் போவதில்லையா? ஐரோப்பாவில் இதையே தேசம் விட்டு தேசம் செய்கிறார்கள். ஆனால் ஓட்டலில் தங்குவதில்லை. அந்த ஊர்ப் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையின் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் வகுப்பிலேயே போய் உட்கார வேண்டும். சில மாதம் கழித்து அந்தப் பிள்ளை இங்கே வரும். கிட்டத்தட்ட சம்பந்தி உறவு மாதிரி, பள்ளிக்குப் பள்ளி உறவு!

ஐரோப்பிய யூனியன் (அப்போது ஐரோப்பிய சமூகம்) 1987-ல் கல்லூரி மாணவர்களுக்காக 'எராஸ்மஸ்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. பள்ளிகளுக்குத் தனியாக 1995-ல் 'கொமேனியஸ்' வந்தது. 2014-ல் எல்லாவற்றையும் சேர்த்து 'எராஸ்மஸ் பிளஸ்' ஆக்கிவிட்டார்கள். வகுப்போடு 2 நாளிலிருந்து 30 நாள் வரை பிள்ளைகள் போய் வரலாம். செலவுக்குப் பணம் யூனியன் தருகிறது.

ஜெர்மனியில் இருக்கும் என் தங்கையின் மகள் வகுப்புக்கு இந்தத் திட்டத்தில் பின்லாந்து போகும் வாய்ப்பு வந்தது. 12 நாள், அதுவும் பிப்ரவரி மாதத்துக் குளிரில். பெண்ணுக்கு வயது 14. ஒன்பது வயதிலிருந்து அவளுக்கு டைப் 1 டயபடீஸ். இனிப்பு தின்று வந்த வியாதி என்று நினைத்துவிடாதீர்கள். இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடம்பே அழித்துவிடுவதால் வருவது இது. மாத்திரையால் ஆகாது. தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும், ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

பள்ளியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அம்மா கூட வருவதாக இருந்தால் அழைத்துப் போகிறோம். இல்லாவிட்டால் பொறுப்பேற்க முடியாது."

பெண் ஒரே பிடிவாதம். "அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போனா அது எக்ஸ்சேஞ்சா? எல்லாரும் யார் யார் வீட்டிலேயோ இருப்பாங்க, நான் மட்டும் அம்மாவோட ஓட்டல்ல இருக்கணுமா? நான் போகவே இல்லை!" தங்கை போனில் அழுதாள். விஷயம் கேட்ட எங்கள் அம்மாவோ, "நல்லதாப் போச்சு, வீட்டோட இருக்கட்டும். சர்க்கரையை வச்சுக்கிட்டுப் பனியில என்னடி வேலை?" என்று முடித்துவிட்டாள்.

அந்த டீச்சரை நான் குறை சொல்ல மாட்டேன். 25 பிள்ளைகளை அயல்நாட்டுக்குக் கூட்டிப் போகிறவருக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? ஆனால் பயந்தவர் யாரைக் கேட்டிருக்க வேண்டும்? பிள்ளையைக் கவனித்துக்கொள்ளப் போகிறவர்களை அல்லவா!

தங்கை கெஞ்சிக் கேட்டு, பின்லாந்துப் பள்ளியோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்தாள். அங்கே பள்ளிப் பிள்ளைகளைக் கவனிப்பதற்கென்றே நர்ஸ் உண்டு. அந்த அம்மாள் துளிக்கூட அசரவில்லையாம். "பேனாவா, பம்ப்பா? ராத்திரி எத்தனை யூனிட்?" என்று காய்கறி விலை கேட்பதுபோல் கேட்டாராம். காரணம் இருக்கிறது. உலகத்திலேயே டைப் 1 டயபடீஸ் மிக அதிகமாக வரும் நாடு பின்லாந்துதான். இப்படிப்பட்ட பிள்ளைகள் அவர்களுக்குப் புதிதே இல்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. வியாதியோ ஊனமோ உள்ள பிள்ளைகளும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, அவர்களால் ஆகும் கூடுதல் செலவை எராஸ்மஸ் பிளஸ் முழுமையாகவே ஏற்கிறது, துணைக்கு வருகிறவர் செலவு உள்பட. ஆக, அம்மாவுக்குப் பதில் இன்னொரு டீச்சர் கூடப் போவதென்று முடிவாயிற்று. தங்கை இரண்டு சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரச் சொல்லி, சமையல் மேஜையிலேயே எல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

பிறகு மூட்டை கட்டும் படலம். இன்சுலினை ஏரோப்ளேனில் சரக்கோடு போடும் பெட்டியில் வைக்கவே கூடாது, உறைந்துவிடக்கூடும். ஒருமுறை உறைந்தால், பிறகு உருகினாலும் குப்பைக்குத்தான். அதனால் இரண்டு செட்டாகப் பிரித்து, ஒன்றை மகள் கைப்பையிலும் மற்றதை டீச்சர் கைப்பையிலும் வைத்தாள். வெளியே போகும்போது கோட்டுக்குள்ளே, உடம்போடு ஒட்டி. டாக்டர் கடிதம், ஐரோப்பிய யூனியன் நாடுகளில் அரசு ஆஸ்பத்திரியில் செல்லும் இன்ஷூரன்ஸ் கார்டு, இவையும் போயின.

பெரிய சிக்கல் எண்ணில் வந்தது! தங்கை வீட்டு மீட்டரில், நம் ஊரில் போலவே, சர்க்கரை 110 என்று காட்டும். பின்லாந்தில் அதே சர்க்கரைக்கு 6.1 என்பார்கள். அளவு முறையே வேறு. அவர்கள் எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் எண் வரும். அங்கே தங்க இடம் கொடுத்த அம்மாள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டார். 70-க்குக் கீழே, அதாவது 3.9-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரையோ ஒரு சின்ன டம்ளர் பழரசமோ கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், குளூககான் மருந்து கொடுத்து 112-க்குப் போன் செய்ய வேண்டும்.

சவுனா என்று ஒரு சூட்டு அறைக் குளியல் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு உண்டே, அதைப் பற்றி நர்ஸ்தான் எச்சரித்தார். உடம்பு சூடேறினால் போட்ட இன்சுலின் சீக்கிரம் இறங்கிவிடும், சர்க்கரை சட்டென்று குறையும். "குளிக்கலாம், பார்த்துவிட்டுக் குளி" என்றாராம். கூடாது என்று சொல்லவில்லை பாருங்கள்!

மதியச் சாப்பாடு பின்லாந்துப் பள்ளிகளில் 1948-லிருந்து எல்லோருக்கும் இலவசம். பத்தியச் சாப்பாடு வேண்டிய பிள்ளைக்கும் அதே சமையலறையில் செய்து, எல்லோரோடும் உட்கார வைத்தே போடுகிறார்கள். என்ன சமையல் என்பதை முன்கூட்டியே வாங்கி, மாவுச்சத்துக் கணக்கை எழுதிக்கொண்டுவிட்டாள் என் தங்கை.

இப்போதெல்லாம் கையில் ஒட்டும் ஒரு வில்லை, சர்க்கரை அளவைப் போனுக்கே அனுப்பிவிடுகிறது. மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: "ராத்திரி அலாரம் அந்த வீட்டு ஆன்ட்டி போனுக்குத்தான் போகணும். உனக்கு வரக் கூடாதும்மா." இதற்குச் சம்மதிக்கத் தங்கை பட்ட பாடு இருக்கிறதே, இன்சுலின் போடக் கற்றபோதுகூட அவ்வளவு பட்டிருக்க மாட்டாள்.

மூன்றாம் நாள் பகலெல்லாம் பனியில் சறுக்கு விளையாட்டு. ஓடி ஆடினால் சர்க்கரை அப்போதே இறங்குவதோடு ராத்திரியிலும் இறங்கலாம். ராத்திரி மருந்தைக் குறைத்துத்தான் போட்டிருந்தாள். அப்படியும் இரண்டு மணிக்கு 3.2! அந்த அம்மாள் எழுந்து, பழரசம் கொடுத்து, ஏறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, பிறகு தூங்க வைத்திருக்கிறார். தங்கைக்கு விஷயம் தெரிந்தது காலையில்தான்: "ராத்திரி லோ ஆச்சு, சரியாயிடுச்சு. இன்னைக்கும் சறுக்கப் போறோம்."

நம்மில் யார் வீட்டுப் பிள்ளைக்காவது இந்த வியாதி இருந்தால், எக்ஸ்கர்ஷன் நோட்டீஸ் வந்த அன்றே டீச்சரைப் போய்ப் பாருங்கள். இன்சுலின், சர்க்கரைக் கட்டி, ஒரு தாளில் எழுதிய குறிப்பு மூன்றையும் கையோடு கொண்டுபோய்க் காட்டிப் பேசுங்கள். இங்கேயும் மெள்ள மெள்ள மாறித்தான் வருகிறது. 2017-ல் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகள் பழம், தின்பண்டம் ஹாலுக்குள் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள்.

இப்போது எங்கள் முறை. அந்த வீட்டுப் பெண் அடுத்த மாதம் தங்கை வீட்டுக்கு வருகிறாள். அவளுக்குக் கோதுமை துளியும் ஆகாது, சீலியாக் வியாதி. "இட்லி, தோசை, இடியாப்பம் இருக்க எனக்கென்ன கவலை அக்கா!" என்று தங்கை சிரித்தாள். நான்தான் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். படித்தவள், "ஐயோ, ஆமாக்கா, போட்டிருக்கே!" என்றாள். கலப்பில்லாத பெருங்காயம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.