விசைக்குப் பொருள் எழுதுவது யார்?

பள்ளி விடுமுறை வந்தால் செந்தூலிலிருந்து எல்ஆர்டி ஏறி, தித்திவங்சாவில் மோனோரயில் மாறி, லோ யாட் பிளாசாவுக்குப் போகிறவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அங்கே கண்ணைப் பறிப்பவை வண்ண விளக்கு எரியும் விளையாட்டு விசைப்பலகைகள். ‘நிரல்படுத்தக்கூடியது’ என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கும். வீட்டில் இருப்பதோ அண்ணன் பயன்படுத்திய பழைய மடிக்கணினி. புதிய விண்டோஸ் அதில் ஏறாது என்பதால் லினக்ஸ் போட்டிருப்பார்கள். பலகையைச் செருகியதும் எழுத்துகள் வருகின்றன. ஆனால் கூடுதல் விசைகள் வேலை செய்வதில்லை. அவற்றை அமைக்கும் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே. உடனே, “லினக்ஸ் சரிப்படாது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

இந்தத் தீர்ப்பு அவசரமானது என்பது என் கருத்து. காரணம் தெரிய வேண்டுமானால், ஒரு விசையை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் அழுத்தத்தின் பயணம்

விசையின் மேல் ‘எச்’ என்று அச்சிட்டிருந்தாலும், பலகை கணினிக்கு எழுத்து எதையும் அனுப்புவதில்லை. விசைகளுக்கு அடியில் மின்தடங்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடுகின்றன. 6 வரிசைகளும் 17 நெடுவரிசைகளும் இருந்தால், 23 தடங்களைக் கொண்டே 102 சந்திப்புகளைக் கண்காணிக்கலாம். பலகைக்குள் இருக்கும் சிறிய கணிப்பான் இந்தத் தடங்களை ஓயாமல் சோதித்து, எந்தச் சந்திப்பு மூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. பிறகு யூஎஸ்பி தர அட்டவணைப்படி ஓர் எண்ணை அனுப்புகிறது.

எச் விசைக்கு அந்த எண் 11. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைத் தன் கணக்கில் 35 என்று மாற்றிக்கொள்கிறது. 35க்கு என்ன எழுத்து என்பதை, கணினியில் நீங்கள் தேர்ந்தெடுத்த விசை அமைப்புதான் முடிவு செய்கிறது. ஆங்கில அமைப்பில் எச். தமிழ்99இல் ‘க’. அஞ்சல் அமைப்பில் ‘ஹ்’. விரல் ஒன்று, விசை ஒன்று, எண்ணும் ஒன்றுதான். பொருள் மட்டும் பிறகு எழுதப்படுகிறது.

தமிழ் வந்த வழி

யூஎஸ்பி விசை அட்டவணையில் தமிழ் எழுத்துக்கென்று ஓர் எண்கூடக் கிடையாது. அப்படியும் நாம் தமிழில் தட்டச்சு செய்கிறோமே, எப்படி? தமிழ் விசைப்பலகையை யாராவது தயாரித்துத் தருவார்கள் என்று நம்மவர்கள் காத்திருக்கவில்லை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினார். அது பின்னாளில் முரசு அஞ்சலாக வளர்ந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 பொது அமைப்பாக வந்தது.

தமிழ்99இல் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், பெரும்பாலான மெய்கள் வலக்கைப் பக்கம். ‘அம்மா’ என்று எழுத ஏ, கே, கே, கியூ என்ற நான்கு விசைகள் போதும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில ஒலிப்பை வைத்து எழுதினால் அதே சொல்லுக்கு ஐந்து விசைகள் வேண்டும். கடையில் வாங்கிய அதே பலகைதான். தமிழின் இயல்பை அறிந்தவர்கள் எழுதிய ஒரு விதி, ஓர் அழுத்தத்தை மிச்சப்படுத்துகிறது.

நினைவகம் எங்கே?

இப்போது விளையாட்டுப் பலகைக்கு வருவோம். ‘நிரல்படுத்தக்கூடியது’ என்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், நீங்கள் செய்யும் அமைப்பு பலகையின் உள்நினைவகத்திலேயே பதிந்துவிடும். பள்ளிக் கணினிக் கூடத்திலோ நண்பர் வீட்டிலோ ஒருமுறை அமைத்துவிட்டால், லினக்ஸில் செருகினாலும் அது அப்படியே இருக்கும். மற்ற வகையில், அமைப்பு முழுவதும் கணினியில் ஓடும் மென்பொருளில் இருக்கும். மென்பொருள் இல்லாவிட்டால் அந்த வசதியும் இல்லை.

முதல் வகையிலும் சிறந்தது கியூஎம்கே என்னும் திறந்த மூல நிரலில் இயங்கும் பலகை. அதன் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். வயா என்ற கருவி இருந்தால் உலாவியிலேயே விசைகளை மாற்றியமைக்கலாம். லினக்ஸில் வயாவுக்குப் பலகை தென்படாவிட்டால் பழுது என்று நினைக்காதீர்கள். விசைப்பலகையை நேரடியாகப் படிக்கும் நிரல் கடவுச்சொல்லையும் திருடக்கூடும். அதனால் சாதாரணப் பயனருக்கு லினக்ஸ் அந்த அனுமதியைத் தருவதில்லை. ‘யூடெவ்’ விதி ஒன்றை எழுதிச் சேர்த்து, பலகையைக் கழற்றிச் செருகினால் போதும்.

எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள விசைகளை அழுத்தினால் ஒலியும் திரை வெளிச்சமும் மாறுகின்றனவா? சில பலகைகள் ஆப்பிள் பலகையின் அடையாள எண்ணோடு வருகின்றன. லினக்ஸும் அதை நம்பி ‘எச்ஐடி ஆப்பிள்’ என்ற இயக்கியை ஓட்டுகிறது. அந்த இயக்கியின் ‘எஃப்என்மோட்’ மதிப்பை 2 ஆக்கினால் சரியாகிவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ‘எவ்டெஸ்ட்’ என்ற சிறு கருவியை ஓட்டி, வேலை செய்யாத விசையை அழுத்திப் பாருங்கள். திரையில் எண் வந்தால் விசை பேசுகிறது, அதற்குப் பொருள் மட்டும் இல்லை என்று அர்த்தம். ‘இன்புட் ரீமேப்பர்’ போன்ற கருவியால் பொருள் கொடுத்துவிடலாம். எண்ணே வரவில்லை என்றால், அந்த விசை நிறுவனத்தின் மென்பொருள் தரும் கட்டளைக்காகக் காத்திருக்கக்கூடும். ரேசர் பலகைகளுக்கு ஓப்பன்ரேசர், கோர்சேர் பலகைகளுக்கு சிகேபி-நெக்ஸ்ட் என்று தன்னார்வலர்கள் எழுதிய மென்பொருள்கள் லினக்ஸில் உண்டு. உங்கள் மாதிரி அவற்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊகிக்காமல் சோதித்து, காரணத்தை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்பதைத்தானே நாம் ஆய்வுக்கூடத்திலும் செய்கிறோம்?

“இவ்வளவு சிரமம் எதற்கு, விண்டோஸில் இரண்டு சொடுக்கில் முடிந்துவிடுமே” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மோசடித் தடுப்பு மென்பொருளோடு வரும் சில இணைய விளையாட்டுகள் லினக்ஸில் ஓடவே ஓடா. ஒரே அழுத்தத்தில் பல கட்டளைகள் அனுப்புவதைச் சில போட்டிகள் தடையும் செய்கின்றன. விளையாட்டு மட்டுமே குறிக்கோள் என்றால் விண்டோஸ் எளிது.

ஆனால் அந்த எளிமை உங்கள் கையில் இல்லை. நிறுவனம் அந்த மென்பொருளைக் கைவிட்டால் உங்கள் பலகையில் பாதி வசதி போய்விடும். அம்மா அப்பாவின் ரிங்கிட்டில் வாங்கிய பொருளின் பொருளை நாமே மாற்றி எழுத முடிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

எனவே அடுத்த முறை கடைக்குப் போனால் விளக்கின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். அமைப்பு பலகைக்குள் பதியுமா? அதை மாற்றும் கருவி லினக்ஸிலும் ஓடுமா? புதிய பலகை வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய பலகையே போதும். லினக்ஸில் ‘ஐபஸ்’, ‘எம்17என்’ இரண்டையும் நிறுவி, தமிழ்99ஐத் தேர்ந்தெடுங்கள். ஏ, கே, கே, கியூ என்று அழுத்திப் பாருங்கள். அடுத்த வாரம் தமிழாசிரியர் கேட்கும் கட்டுரையை அதிலேயே தட்டச்சு செய்து கொடுங்கள்.