பிள்ளைகள் உள்ளே, பழுதுபார்ப்பும் உள்ளே: இங்கிலாந்துப் பள்ளிகளில் நடந்தது என்ன?

2023 ஆகஸ்ட் 31. இங்கிலாந்தில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்க சில நாள்கள்தான் பாக்கி. அப்போதுதான் 104 பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கல்வித்துறையிலிருந்து உத்தரவு போனது. ‘ராக்’ கான்கிரீட் இருக்கும் பகுதிகளை உடனே மூட வேண்டும். 2024 பிப்ரவரியில், ராக் இருப்பது உறுதியான பள்ளி, கல்லூரிகளின் மொத்த எண்ணிக்கை 234 ஆனது.

பெரும்பாலான பள்ளிகள் முழுசா மூடப்படவில்லை. ஒரு பக்கம் கூரைக்கு முட்டுக் கொடுக்கும் வேலை, மறுபக்கம் கணக்குப் பாடம். சரி, பிள்ளைகளை வைத்துக்கொண்டே ஒரு பள்ளியைச் சீரமைக்க முடியுமா?

ராக் என்றால் என்ன?

இட்லியைப் பிட்டுப் பார்த்தால் குட்டிக் குட்டியாக ஓட்டைகள் தெரியும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான் இந்த கான்கிரீட்டும். ஜல்லி கிடையாது, உள்ளே காற்றுக் குமிழிகள். எடையும் குறைவு, விலையும் குறைவு. அதனால் 1950-களிலிருந்து 1990-கள் வரை, அன்றைய நவீன பள்ளிகளின் தட்டைக் கூரைகளுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். தண்ணீர் இறங்கினால் பலம் குறையும், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். பெரிய முன்னெச்சரிக்கை இல்லாமலே உடையலாம் என்பதுதான் பயமே.

2018-ல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியின் கூரை சரிந்தது. வார விடுமுறை என்பதால் யாருக்கும் அடிபடவில்லை.

பள்ளி நடக்கும்போதே வேலை எப்படி?

திட்டமிட்டுச் செய்தால் முடியும். முதல் வேலை கூரையில் இல்லை, மாற்று வகுப்பறையில். மைதானத்தில் தற்காலிக அறைகள் போட்டு, ஒரு பிளாக்கை மட்டும் காலி செய்வார்கள். அது முடிந்ததும் அடுத்த பிளாக். வேலை நடக்கும் இடத்தைத் தடுப்பு வைத்து அடைப்பார்கள். லாரிக்குத் தனி கேட். பள்ளி தொடங்கும், விடும் நேரத்தில் லாரி வரக் கூடாது. இடிப்பது, துளையிடுவது போன்ற சத்தமான வேலைகள் விடுமுறையில். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால், அந்தப் பகுதியில் ஆளே இல்லாதபோதுதான் அகற்ற வேண்டும்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் வெளியேறும் வழி மாறுகிறது. அதனால் தீ விபத்து ஒத்திகையையும் ஒவ்வொரு முறையும் புதிதாக நடத்த வேண்டும்.

இப்படிச் செய்தால் செலவும் கூடும், நாளும் இழுக்கும். ஆனால் எந்த வேலையை எப்போது செய்வது என்பது பள்ளியின் கையில் இருக்கும்.

அப்போ எங்கே சறுக்கியது?

அந்த நேரம்தான் பள்ளிகளின் கையில் இல்லை. பள்ளிக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 530 கோடி பவுண்ட் தேவை என்று 2020-ல் கல்வித்துறை கணக்குப் போட்டது. ஒதுக்கப்பட்டதோ சராசரியாக ஆண்டுக்கு 310 கோடி பவுண்ட். இதைச் சொன்னது அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம், 2023 ஜூனில். பெரிய அளவில் சீரமைக்க வேண்டிய பள்ளிகளில் சுமார் 7 லட்சம் மாணவர்கள் படிக்கிறார்கள் என்றும் அதே அறிக்கை சொன்னது.

இரண்டே மாதத்தில் அவசர உத்தரவு வந்தது. கூடாரத்திலும் பக்கத்துப் பள்ளியிலும் வகுப்பு, சில இடங்களில் மறுபடியும் ஆன்லைன். ஆய்வகத்தை இழந்த மாணவர்களுக்குச் செய்முறைப் பாடம் அடிவாங்கியது. மிச்சம் பிடித்த பணத்துக்கு வட்டி கட்டியது பிள்ளைகள்தான்.

இங்கே நமக்கு என்ன?

2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகமெடுத்தது. இடித்தது சரி. ஆனால் புதுக் கட்டடம் வரும்வரை சில ஊர்களில் பிள்ளைகள் சமுதாயக் கூடத்திலும் வாடகைக் கட்டடத்திலும் உட்கார வேண்டியிருந்தது. அங்கே ராக், இங்கே வேறு காரணம். மாட்டிக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது?

அரசுப் பள்ளிகளில் பெற்றோர்கள் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் கட்டட வேலை வருகிறது என்றால், அடுத்த கூட்டத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். மாற்று வகுப்பறை தயாரா? வேலை நடக்கும்போது பிள்ளைகள் எந்த வழியாக வருவார்கள், போவார்கள்? சத்தமான வேலை எந்தத் தேதிகளில்? பதில் கிடைத்த பிறகு இடிக்கத் தொடங்கட்டும்.