பனி குறையும் ஆல்ப்ஸ், மழையில் மூடும் பொன்முடி: இழப்பைச் சுமப்பது யார்?

வித்துரா (திருவனந்தபுரம்): கேரளத் தலைநகரிலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடி மலைக்குச் செல்வோர் கடைசியாகக் கடக்கும் பெரிய கடைவீதி வித்துரா. அதற்கப்பால் கல்லாறு, பின்னர் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் பனி பொழிவதில்லை. சமவெளியின் வெக்கையிலிருந்து தப்பி வருவோரை அங்கு ஈர்ப்பவை மூடுபனியும் குளிர்ந்த காற்றும்தான். பனிச்சறுக்கு விடுமுறைகளுக்குப் பெயர்பெற்ற பிரான்சின் ஆல்ப்ஸ் ஊர்களுக்கும் இந்த மலையடிவார ஊருக்கும் தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஆனால் அங்கு இன்று எழுந்துள்ள கேள்வி இங்கும் பொருந்துகிறது. வானிலை கைவிடும் நாளில், மலையை நம்பிப் பிழைப்பவரின் இழப்பை யார் ஏற்பது?

இரு மலைகளையும் இணைக்கும் ஓர் அண்மைக்கால நிகழ்வும் உண்டு. 2023 அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைமிதிவண்டி சாம்பியன்ஷிப் போட்டி பொன்முடியில் நடைபெற்றது. பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான தகுதிச்சுற்றாகவும் அமைந்த அப்போட்டிக்காக, மெர்ச்சிஸ்டன் தேயிலைத் தோட்டப் பகுதியில் பாதை அமைக்கப்பட்டது. பனியில்லாக் காலத்தில் வருமானம் ஈட்ட ஆல்ப்ஸ் ஊர்கள் பற்றிக்கொண்டிருப்பதும் இதே விளையாட்டைத்தான். பனிச்சறுக்கு ஊரான லே ஜே, மலைமிதிவண்டி உலகப் போட்டியை 2004-லும் 2022-லும் நடத்தியது. குளிர்காலத்தில் சறுக்கு வீரர்களை உச்சிக்கு ஏற்றிச் செல்லும் கம்பிவட ஊர்திகள், கோடையில் மிதிவண்டிகளை ஏற்றிச் செல்கின்றன.

பனியை நம்பி எழுந்த ஊர்கள்: பிரான்சின் ஷமோனி நகரில் 1924-ல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. எனினும் பனிச்சறுக்கு வெகுமக்களின் விடுமுறையாக மாறியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1946-ல் கூர்ஷெவெல் உருவானது. 1964-ல் பிரெஞ்சு அரசு ‘பனித் திட்டம்’ என்ற பெயரில் மலை உச்சிகளில் புதிய சுற்றுலா ஊர்களை அமைக்கத் தொடங்கியது. வெளிநாட்டுப் பயணிகளை ஈர்த்து அந்நியச் செலாவணி ஈட்டுவதும், வேளாண்மை நலிந்து இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருந்த மலைக் கிராமங்களுக்கு வேலை தருவதும் அதன் நோக்கங்கள். மேய்ச்சல் நிலமாக மட்டுமே இருந்த இடங்களில் அடுக்குமாடி விடுதிகள் எழுந்தன. அறையை விட்டு இறங்கியதும் சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொள்ளலாம் என்பதே அவற்றின் விளம்பரம்.

சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை ஒரு வார வாடகை, கம்பிவட ஊர்திக்கான அனுமதிச்சீட்டு, கட்டையும் காலணியும் வாடகைக்கு, குழந்தைகளுக்குப் பயிற்சி வகுப்பு என்று அந்த விடுமுறைக்கு ஒரு நிலையான வடிவம் உண்டு. 1980-களில் ஒற்றைப் பலகையில் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டிங் பரவியபோது இளைஞர் கூட்டமும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான நான்கைந்து மாத வருமானத்தில் ஊர் முழுவதும் ஓர் ஆண்டை ஓட்டும் பழக்கம் இவ்வாறே நிலைபெற்றது.

மேலே கூட்டம், கீழே வெறுமை: அந்த நான்கைந்து மாதங்கள் இப்போது உறுதியாக இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்ப்ஸ் பகுதியின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. இது உலகச் சராசரியை விட மிக அதிகம். 2023 புத்தாண்டு வாரத்தில் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தாலும் மழையாலும் பிரான்சின் சறுக்குப் பாதைகளில் ஏறத்தாழ பாதி மூடப்பட்டன. விடுமுறைக் கூட்டம் உச்சத்தில் இருக்க வேண்டிய வாரம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ‘நேச்சர் கிளைமேட் சேஞ்ச்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை, ஐரோப்பாவின் 2,234 பனிச்சறுக்கு மையங்களை ஆராய்ந்தது. உலக வெப்பநிலை 2 டிகிரி உயர்ந்தால் அவற்றில் 53 சதவீதம் கடும் பனிப் பற்றாக்குறை அபாயத்தில் சிக்கும் என்றும், 4 டிகிரி உயர்ந்தால் அது 98 சதவீதமாகும் என்றும் அது கணித்தது.

பாதைகளில் பாதியளவுக்குச் செயற்கைப் பனி தூவினால், 2 டிகிரி உயர்வில் அந்த 53 சதவீதம் 27 ஆகக் குறையும் என்பதும் அதே ஆய்வின் கணக்கு. ஆனால் பனி பீய்ச்சும் இயந்திரத்துக்குத் தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும், போதிய குளிரும் வேண்டும். லா க்ளூசா என்ற ஊரில் இதற்கெனப் புதிய நீர்த்தேக்கம் அமைக்க எடுத்த முடிவை எதிர்த்துச் சூழலியலாளர்கள் காட்டிலேயே முகாமிட்டனர். 2022 அக்டோபரில் நீதிமன்றம் அப்பணியை நிறுத்திவைத்தது. பிரனீஸ் மலையில் உள்ள ஒரு சறுக்கு மையமோ 2020 பிப்ரவரியில் ஹெலிகாப்டரில் பனியை அள்ளிவந்து பாதையில் கொட்டியது. புவி வெப்பமாவதால் வந்த குறையைத் தீர்க்க எரிபொருளை எரித்த அந்தக் காட்சி உலகச் செய்தியானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரான்சின் பனிச்சறுக்குத் தொழில் மொத்தத்தில் இன்னும் வீழ்ந்துவிடவில்லை. ஒருவர் ஒரு நாள் சறுக்குவதை ஓர் அலகாகக் கொண்டால், அண்மைப் பருவங்களிலும் 5 கோடிக்கு மேற்பட்ட அலகுகள் பதிவாகியுள்ளன. 2030 குளிர்கால ஒலிம்பிக்கும் பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கே வழங்கப்பட்டுள்ளது. கூட்டம் இடம் மாறியிருக்கிறது என்பதே உண்மை நிலை. 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள வால் தொரான்ஸ் போன்ற ஊர்களுக்குப் பனி கிடைக்கிறது. அங்கு பணமும் சேர்கிறது. உயரம் குறைந்த சிறிய ஊர்களே மூடப்படுகின்றன. ஆல்ப்ஸின் சேன் ஊராட்சிக்கு உட்பட்ட கிரான் புய் மையத்தை மூடலாமா என்று 2024 அக்டோபரில் ஊர் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பெரும்பான்மையினர் மூடலாம் என்றனர். ஆல்ப்ஸுக்கு வெளியே, ஜூரா மலையில் உள்ள மெத்தாபியெஃப், 2030-35 காலத்தில் பனிச்சறுக்கை நிறுத்த நேரும் என்று கருதி முன்கூட்டியே திட்டமிட்டு வருகிறது. இந்தப் பொருளாதார முறை மூச்சுத் திணறுகிறது என்று பிரான்சின் தணிக்கை மன்றம் 2024 பிப்ரவரியில் அறிக்கை அளித்தது.

இந்தியாவில் குல்மார்க்கின் அனுபவமும் வேறல்ல. அதன் புகழ்பெற்ற ‘கோண்டோலா’ ஊர்தியை அமைத்தது பிரெஞ்சு நிறுவனமான போமகால்ஸ்கி. முதல் கட்டம் 1998-லும், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005-லும் இயங்கத் தொடங்கின. 2024 ஜனவரியில் அந்தச் சரிவுகள் வறண்டு பழுப்பு நிறத்தில் கிடந்தன. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், பனி இல்லாததால் மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டன.

பொன்முடியின் எதிரி மழை: ஆல்ப்ஸில் பனி வராததால் பருவம் கெடுகிறது, பொன்முடியில் மழை அளவு மீறுவதால் கெடுகிறது. திருவனந்தபுரம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. ஆகையால் ஜூன் தொடங்கி நவம்பர் வரை, ஓணம், பூஜை விடுமுறைகள் உட்பட, எந்த நாளிலும் மலைப்பாதை மூடப்படலாம். கனமழை எச்சரிக்கை வெளியானதும் சுற்றுலாப் பயணிகளுக்கு மலை மூடப்படுவது வழக்கமாகிவிட்டது. 2022-ல் சாலையின் ஒரு பகுதியே சரிந்து விழுந்ததால் பல வாரங்கள் மலைக்குச் செல்ல முடியாத நிலை ஏற்பட்டது.

இந்த எச்சரிக்கையை மிகை என்று கூற இயலாது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிகழ்ந்த நிலச்சரிவு, 70 தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரைப் பலிகொண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். 2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் மாவட்ட நிர்வாகம் எதுவும் மழையை அலட்சியப்படுத்தத் துணியாது. மலையை மூடுவது சரியான முடிவே. ஆனால் மூடிய நாளுக்கான விலையை ஜீப் ஓட்டுநரும், கல்லாற்றங்கரையில் தேநீர் விற்பவரும், வித்துராக் கடைவீதியின் உணவகப் பணியாளரும் கொடுக்கின்றனர். அன்றைய கூலி போனால் போனதுதான்.

பிரான்சிலும் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் அது வெளிப்படையாக விவாதிக்கப்படுகிறது. பருவத் தொழிலாளர் வேலையின்மை உதவித்தொகை பெற நான்கு மாத உழைப்பு போதும் என்றிருந்த விதியை, 2019-ல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் ஆறு மாதமாக்கியது. பனிப்பருவமே ஆறு மாதம் நீடிக்காதபோது இது எப்படிப் பொருந்தும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. 2025 ஏப்ரல் முதல் பருவத் தொழிலாளருக்கு மட்டும் அது ஐந்து மாதமாகக் குறைக்கப்பட்டது.

மலையின் வருமானத்தில் ஊருக்கான பங்கு: பிரான்சின் 1985-ஆம் ஆண்டு மலைச் சட்டம், பனிச்சறுக்கு ஊர்திகளை ஊராட்சியின் பொதுச் சேவையாகக் கருதுகிறது. தனியார் நிறுவனம் இயக்கினாலும் உரிமை வழங்குவது ஊராட்சியே. மேலும், அனுமதிச்சீட்டு விற்பனையில் 3 சதவீதம் வரை ஊராட்சியும், 2 சதவீதம் வரை மாவட்ட நிர்வாகமும் வரியாகப் பெறலாம். இது பெரிய தொகையல்ல எனத் தோன்றலாம். ஆனால் மலை ஈட்டும் பணத்தில் மலையூருக்கு எழுத்தில் பதிந்த பங்கு உண்டு என்பதே முக்கியம்.

பொன்முடி நிர்வாக ரீதியில் பெரிங்கம்மலை ஊராட்சியைச் சேர்ந்தது. அங்கு செல்லும் வாகனங்களின் நெரிசலையும் குப்பையையும் வழியில் உள்ள வித்துராவும் சுமக்கிறது. காடு வனத்துறையுடையது; உச்சியில் உள்ள விடுதி மாநிலச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது; உள்ளூர் மக்கள் அங்கம் வகிக்கும் வனப் பாதுகாப்புக் குழுவும் உண்டு. இத்தனை கைகளுக்கு நடுவே, மழைக்கால இழப்பை ஈடுசெய்ய நுழைவுக் கட்டணத்திலிருந்து ஒரு சிறு நிதி ஒதுக்கப்படுவது நியாயமான கோரிக்கையே.

அதற்கு முன்மாதிரியைத் தேடி ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டியதில்லை. இதே மலையின் காணி பழங்குடியினர், களைப்பைப் போக்கும் ‘ஆரோக்கியப்பச்சை’ மூலிகையைப் பற்றிய தம் அறிவை, அருகிலுள்ள பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சியாளர்களுடன் பகிர்ந்தனர். அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் உரிமம் 1990-களில் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய நிறுவனத்துக்கு வழங்கப்பட்டபோது, உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கெனத் தீர்மானிக்கப்பட்டது. அதற்காக 1997-ல் அறக்கட்டளை ஒன்றும் பதிவு செய்யப்பட்டது. நடைமுறையில் குறைகள் நேர்ந்தன என்றாலும், பயன்பகிர்வுக்கு உலகம் சுட்டிக்காட்டும் தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளுள் அது ஒன்று. மூலிகைக்குச் செய்ய முடிந்ததை மூடுபனிக்குச் செய்ய முடியாதா என்ன?

எத்தனை பேர், எவ்வளவு கட்டுமானம்: பொன்முடிக்கு ரோப் கார் அமைக்கும் யோசனையும் அவ்வப்போது எழுகிறது. பழனியில் ரோப் காரில் ஏறிப் பழகிய தமிழ்ப் பயணிகளுக்கு இது புதிதாகத் தோன்றாது. சாலை சரிந்தாலும் மலைக்குச் செல்லலாம் என்பது அதற்கு ஆதரவான வாதம். ஆனால் பெருங்காற்றிலும் இடிமழையிலும் கம்பிவட ஊர்தி நிறுத்தப்படும். அதாவது சாலை மூடப்படும் அதே நாளில் பெரும்பாலும் ஊர்தியும் நிற்கும். பிரான்சில் 2016-ஆம் ஆண்டின் இரண்டாம் மலைச் சட்டம், புதிதாக அமைக்கப்படும் ஊர்திகள் பயன்பாட்டிலிருந்து நிரந்தரமாக நீங்கியபின் அவற்றை அகற்றியாக வேண்டும் என்று விதித்துள்ளது. 1960-களில் அமைக்கப்பட்ட சேன் ஃபிர்மேன் ஊர்தி, பனியின்றி ஏறத்தாழ 15 ஆண்டுகள் துருப்பிடித்து நின்று 2022-ல் அகற்றப்பட்டது. கட்டுவதற்கு முன்பே அகற்றும் செலவையும் எழுதிக்கொள்வது பொன்முடிக்கும் ஏற்றது.

வேறொரு வழியும் இதே மலையில் நடைமுறையில் உள்ளது. வித்துராவை அடுத்த போனக்காட்டிலிருந்து தொடங்கும் அகத்தியர்கூட மலையேற்றத்துக்கு ஆண்டின் தொடக்கத்தில், மழை ஓய்ந்த சில வாரங்களில் மட்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற கட்டுப்பாட்டுடன் வனத்துறை அனுமதி அளிக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரம் தமிழருக்குப் பொதிகை. மறுபக்கச் சரிவில்தான் தாமிரபரணி பிறக்கிறது. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அனுமதிச்சீட்டுக்குப் போட்டி கடுமையாக இருப்பினும் ஆர்வம் குறையவில்லை. வழிகாட்டிகளுக்கு எத்தனை நாள் வேலை என்பதும் முன்பே தெரிந்துவிடுகிறது.

பனித் திட்ட ஊர்களுக்கு இல்லாத ஒரு வலு வித்துராவுக்கு இருப்பதையும் மறக்கக் கூடாது. மருதாமலையில் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சிக் கழகத்தின் வளாகம் உள்ளது. ஜெர்சி மாட்டுப் பண்ணை உள்ளது. ரப்பரும் மிளகும் உள்ளன. சுற்றுலா இங்கு ஒரு வருமானமே தவிர, ஒரே வருமானம் அல்ல. விடுதிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்தச் சமநிலை மாறும்.

வேறு வருமானம் இல்லாதவர்களின் நிலை என்ன என்பதைக் காணப் போனக்காட்டுக்கே செல்லலாம். பல ஆண்டுகளாக முடங்கிக் கிடக்கும் அத்தேயிலைத் தோட்டத்தில், தமிழ் வம்சாவளியினர் உள்ளிட்ட தொழிலாளர்கள் ஊதிய நிலுவைக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்தபடி பழுதடைந்த லயங்களில் வாழ்ந்து வந்துள்ளனர். அங்கு வரும் பயணிகளில் பலர் தேடுவது, பேய் உலவுவதாகக் கதை கட்டப்பட்ட பழைய தோட்டத் துரை பங்களாவை. அந்தப் பங்களாவுக்குச் செல்லும் வழியில்தான் மழையில் ஒழுகும் அந்த லயங்களும் இருக்கின்றன.