9:15 மணிக்கு உங்க கவனம் எங்க இருக்கு?

ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ இடைவெளி விட்டு, மறுபடி முழுநேர வேலையில சேர்ந்திருக்கீங்களா? லே-ஆஃப், குழந்தை, போட்டித் தேர்வு, ஃப்ரீலான்ஸ் என்று காரணம் எதுவா வேணா இருக்கட்டும். இது உங்களுக்குத்தான்.

வீட்டில் இருந்த மாசங்கள்ல போன்தான் துணையா இருந்திருக்கும். அதைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வரல. சம்பளம் நின்ன நேரத்துல, "நானும் ஏதோ பண்ணிட்டுதான் இருக்கேன்" என்கிற தெம்பை அது கொடுத்திருக்கும். ஆனா வேலை கிடைச்ச பிறகும் அந்தப் பழக்கம் அதே டைம்டேபிளோட ஆபீசுக்கும் வந்துடுது, அங்கதான் சிக்கல். ரீல்ஸ் பத்தியும் ராத்திரி பதினோரு மணி ஷாப்பிங் பத்தியும் பேச நிறைய பேர் இருக்காங்க. நான் சிஏ. அதனால பணம் நேரடியா கரையற ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கறேன்: வேலை நேரத்துல டிரேடிங்.

பங்குச்சந்தை காலை 9:15-க்குத் திறந்து மதியம் 3:30-க்கு மூடுது. உங்க வேலை நேரத்துல பெரும்பகுதி அதுதான். பங்கை வாங்கி வருஷக்கணக்கா வச்சிருக்கறவங்களுக்கு இதனால ஒண்ணும் இல்ல. இன்ட்ராடேவும் ஆப்ஷனும் பண்றவங்களுக்கோ ஆறேகால் மணி நேரமும் பாதி மனசு சார்ட்லதான் இருக்கும். மீட்டிங்ல மேஜைக்கு அடியில போன், டீ பிரேக்ல ஸ்டாப்-லாஸ்!

என் கருத்தை நேரா சொல்லிடறேன். ப்ரொபேஷன் முடியற வரைக்குமாவது இன்ட்ராடேவும் எஃப் அண்ட் ஓவும் வேண்டாம். "சும்மா ஒரு லாட்" கூட வேண்டாம்.

"வேலையே நிரந்தரம் இல்ல, இரண்டாவது வருமானம் வேணாமா?"ன்னு நீங்க கேட்பீங்க. ஒரு தடவை வேலை போனவங்களுக்கு அந்த பயம் நியாயமானதுதான். ஆனா அதுக்கு இது மருந்து இல்ல. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூணு வருஷக் கணக்கை செபி 2024 செப்டம்பர்ல வெளியிட்டுச்சு. எஃப் அண்ட் ஓ பண்ண தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. அதே வருஷம் ஜூலையில வந்த இன்ட்ராடே ஆய்வுல, 2022-23-ல 10 பேர்ல 7 பேருக்கு நஷ்டம். 30 வயசுக்குக் கீழ இருக்கறவங்கள்ல 76 சதவீதம். நாள் முழுக்க ஸ்கிரீன் முன்னாடி உட்கார முடிஞ்சவங்களும் இந்தக் கணக்குல இருக்காங்க. ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடுவுல ஆர்டர் போடற நீங்க அவங்களை விட நல்லா பண்ணிடுவீங்களா?

சரி, லாபமே வருதுன்னு வச்சுக்குவோம். இங்கதான் நிறைய பேர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கு. 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. உங்க சம்பளம் 12.75 லட்சம். 75,000 நிலையான கழிவு போக 12 லட்சம், வரி பூஜ்யம். இப்ப செலவெல்லாம் போக எஃப் அண்ட் ஓவுல 50,000 லாபம் வருது. வருமானம் 12.5 லட்சம் ஆயிடுச்சு. மார்ஜினல் ரிலீஃப் கொடுத்த பிறகும் வரி 50,000, அதுமேல 4 சதவீத செஸ் 2,000. ஆக 50,000 சம்பாதிச்சு 52,000 கட்டறீங்க. வருஷம் முழுக்க மேனேஜருக்குப் பயந்து பயந்து போன் பார்த்ததுக்குக் கிடைச்ச கூலி, மைனஸ் 2,000 ரூபாய்.

நஷ்டம் வந்தாலும் சம்பளத்துல கழிச்சுக்க முடியாது. எஃப் அண்ட் ஓ நஷ்டத்தை 8 வருஷம், இன்ட்ராடே நஷ்டத்தை 4 வருஷம் அடுத்தடுத்து எடுத்துட்டுப் போகலாம். அதுவும் கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருந்தாதான். இது பிசினஸ் வருமானம், அதனால ஐடிஆர்-1 செல்லாது, ஐடிஆர்-3 போடணும். பழைய முறை, புதிய முறைன்னு வருஷா வருஷம் மாறிக்கற சுதந்திரமும் போயிடும். ஆகஸ்ட் வரைக்கும் டிரேடிங், செப்டம்பர்ல வேலைன்னு இருந்தா, நீங்களா சொல்லாத வரைக்கும் கம்பெனி சம்பளத்துக்கு மட்டும்தான் டிடிஎஸ் பிடிக்கும். மிச்ச வரிக்கு நீங்கதான் பொறுப்பு.

வரியை விடுங்க. அப்ரைசல்தான் எனக்குப் பெரிய விஷயமா தெரியுது. பிரேக்குக்குப் பிறகு சேர்ந்தவங்களைக் கம்பெனி முதல் வருஷம் கொஞ்சம் உத்துதான் பார்க்கும் (அது நியாயமான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்வேன்). மாசம் 60,000 வாங்கறவருக்கு 12 சதவீத உயர்வுக்கும் 6 சதவீத உயர்வுக்கும் வித்தியாசம் மாசம் 3,600, வருஷத்துக்கு 43,200. அடுத்த வருஷ உயர்வும் அந்த அடிப்படை மேலதான் வரும். இந்த வருமானத்துக்கு ஸ்டாப்-லாஸ் தேவையில்ல.

இன்னொண்ணு. நீங்க சேர்ந்தது பட்டியலிடப்பட்ட கம்பெனியா இருந்து, ஃபைனான்ஸ் மாதிரி டீம்ல இருந்தா, உங்களை 'டெசிக்னேட்டட் பர்சன்' பட்டியல்ல வச்சிருக்கலாம். அப்படின்னா காலாண்டு முடிஞ்சதுல இருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் வரைக்கும் அந்தக் கம்பெனிப் பங்கைத் தொடக் கூடாது. வாங்கினா 6 மாசத்துக்குள்ள விற்கவும் கூடாது. ஜாயினிங் அன்னிக்குப் படிக்காம கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தை ஒரு தடவை எடுத்துப் படிங்க.

அப்போ பணத்தை என்ன பண்றது? எஸ்ஐபி-க்கு ஆட்டோ-டெபிட் போட்டுடுங்க, சம்பளம் வந்த மறுநாளே போயிடட்டும். ஃபண்டோட என்ஏவி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் மாறும், அதுவும் சந்தை மூடின பிறகுதான். அந்த ஆப்பை மதியம் எட்டு தடவை திறந்தாலும் அதே நம்பர்தான் காட்டும். பங்கு வாங்கியே ஆகணும்னா ஜிடிடி ஆர்டர் இருக்கு, ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு விலையைக் குறிச்சு வச்சுடலாம். வேலை போற பயத்துக்கு ஆறு மாசச் செலவை லிக்விட் ஃபண்ட்லயோ எஃப்டியிலயோ சேருங்க. முதல் போனஸ்ல இருந்தே ஆரம்பிக்கலாம்.

கை சும்மா இருக்காதுன்னு தோணினா, புரோக்கர் ஆப்ல செக்மென்ட் செட்டிங்ஸ் போய் எஃப் அண்ட் ஓவை டீஆக்டிவேட் பண்ணுங்க. சில ஆப்ல 'கில் ஸ்விட்ச்'னே ஒரு பட்டன் இருக்கும். காலை 9:15-க்கு முன்னாடி அழுத்திடுங்க.