செவிலியர் கல்வியும் பணியும்

மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்பது வள்ளுவர் கருத்து. நோயுற்றவர், மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் அருகிருந்து பணி செய்பவரையும் அவர் ஒரு கூறாகக் கொண்டார். அந்த நான்காம் கூறே இன்றைய செவிலியர். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வர். செவிலியரோ இரவும் பகலும் உடனிருப்பர். ஆதலின் அவர்தம் கல்வி ஏட்டளவில் நின்றுவிடலாகாது.

வகுப்பறையில் மாணவி ஒருத்தி நோயாளியின் மூச்சை எண்ணக் கற்கிறாள். முழுமையாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுவதை நோயாளி அறியலாகாது. அறிந்தால் மூச்சின் போக்கு மாறிவிடும். நோய் முற்றப்போவதை முன்னரே உணர்த்தும் குறிகளுள் மூச்சின் விரைவும் ஒன்று. இவற்றையெல்லாம் அவள் தேர்வில் பிழையின்றி எழுதுகிறாள். பின்னர், வார்டு என வழங்கும் நோயாளர் கூடத்திற்குச் செல்கிறாள். அங்கே வேலை மிகுதி, ஆள் குறைவு. மூச்சை எண்ணாமலே, நேற்று எழுதிய எண்ணை இன்றும் எழுதும் வழக்கத்தைச் சிலவிடங்களில் காண்கிறாள். தேர்வுக்கு ஒரு முறை, வேலைக்கு ஒரு முறை என அவள் அறிவு இரண்டுபடுகிறது. அதனால் துன்புறுவோர் யாவர்? தம் உடலின் மாற்றத்தை வாய்விட்டுச் சொல்லவும் இயலாமற் கிடக்கும் நோயாளிகள் அல்லரோ?

இதற்கு மாணவியைக் குறை கூறிப் பயனில்லை. ஓய்வின்றி உழைக்கும் செவிலியரைப் பழிப்பதும் முறையன்று. ஆள் குறைவு ஒரு காரணம். கற்பிப்பவர் ஓரிடத்தும், பணி செய்பவர் வேறோரிடத்துமாகப் பிரிந்து நிற்பது மற்றொரு காரணம்.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் முயற்சியால் இலண்டனில் 1860ஆம் ஆண்டு தொடங்கிய பயிற்சிப் பள்ளி, புனித தாமசு மருத்துவமனையிலேயே அமைந்தது. மாணவியர் நோயாளிகளிடையே பணி செய்தவாறே கற்றனர். இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது. ஆயினும், மாணவியரைக் கூலியில்லா வேலையாட்களாகக் கருதிக் கற்பித்தலை மறந்த மருத்துவமனைகளும் பின்னர்த் தோன்றின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது உண்மையே. ஆனால் காரணம் அறியாமற் செய்யும் வேலையும் நோயாளிக்கு நன்மை தாராது.

இரண்டையும் இணைக்கும் வழி நம் நாட்டிலேயே உண்டு. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946ஆம் ஆண்டு செவிலியர்க்குப் பட்டப்படிப்பு தொடங்கியது. அங்கே கற்பிக்கும் ஆசிரியரே மருத்துவமனைப் பணியிலும் பொறுப்பேற்கும் முறை பின்பற்றப்படுகிறது. காலையில் நோயாளிக்குப் பணி செய்த ஆசிரியர் மாலையில் பாடம் சொல்லும்போது, நூலின் சொல்லும் கண்ட காட்சியும் ஒன்றையொன்று தெளிவாக்கும்.

இம்முறை எங்கும் பரவ வேண்டும். ஆசிரியர் நாள்தோறும் நோயாளரிடம் செல்ல வேண்டும். அனுபவம் மிக்க செவிலியரையும் ஆசிரியராக மதித்து, கற்பிக்க அவர்க்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குப் போதிய செவிலியரைப் பணியில் அமர்த்துவது மருத்துவமனைகளின் கடமை. நாளை இப்பணியை ஏற்க விரும்பும் மாணவர்கள், தாம் கற்றதை ஒரு நோயாளியிடத்தும் குறைத்துச் செய்வதில்லை என்று இன்றே உறுதி கொள்வார்களாக.